கம்பைலர் நம்பிவிடும் இடங்கள்: சாலிடிட்டி வகை மாற்றங்களில் கண்டதும் கற்றதும்

சாலிடிட்டி மொழியில் எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் இயங்கும் நிரல்) கோடு ஆடிட்டுக்கு, அதாவது பிழை தேடும் சோதனைக்கு, வந்தால் நான் முதலில் செய்வது ஒரு தேடல். எந்தெந்த வரிகளில் ஒரு வகை இன்னொரு வகையாக மாற்றப்படுகிறது என்று முழு கோடிலும் தேடி எடுத்துவிடுவேன். யுஇன்ட்256-இலிருந்து யுஇன்ட்128, இன்ட்256-இலிருந்து யுஇன்ட்256, பைட்ஸ்32-இலிருந்து அட்ரஸ், எல்லாமே. (யுஇன்ட் என்றால் குறியில்லா முழு எண், இன்ட் என்றால் மைனஸும் தாங்கும் முழு எண், பக்கத்தில் இருப்பது பிட் எண்ணிக்கை. பைட்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பைட் எண்ணிக்கை.) கான்ட்ராக்ட் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வதற்கு முன்பே இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். காரணம் எளிது. மற்ற வரிகளில் தப்பு நடந்தால் சாலிடிட்டி எங்காவது ஓரிடத்தில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெளிப்படையாக எழுதிய வகை மாற்றத்தில் மட்டும் எழுதியவர் சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

இதை எனக்கு ஆழமாகப் புரியவைத்தது ஒரு ஸ்டேக்கிங் கான்ட்ராக்ட், அதாவது டோக்கனைப் போட்டுவைத்து வெகுமதி பெறும் கான்ட்ராக்ட். யார் எழுதியது என்பது இங்கே முக்கியமில்லை. முதலில் அதை 6 தசம இடங்கள் கொண்ட ஒரு டோக்கனுக்காக எழுதியிருந்தார்கள். தொகைகள் முழு எண்ணாகவே வைக்கப்படும், அங்கே 1 டோக்கன் என்பது 10-இன் 6-ஆம் அடுக்கு. ஒவ்வொருவரின் இருப்பையும் யுஇன்ட்64-இல் வைத்திருந்தார்கள். 6 தசம டோக்கனுக்கு அது தாராளம். யுஇன்ட்64-இன் உச்ச மதிப்பு சுமார் 18.4 லட்சம் கோடி டோக்கன்களுக்குச் சமம், அதைத் தாண்ட யாராலும் முடியாது. அப்புறம் அதே கோடை எடுத்து 18 தசம டோக்கன் ஒன்றுக்குப் பயன்படுத்தினார்கள். பெயர்களையும் முகவரிகளையும் மாற்றினார்கள், இருப்பு வகையை மாற்றவில்லை.

18 தசமத்தில் யுஇன்ட்64 எவ்வளவு தாங்கும்? 18.446744073709551615 டோக்கன். அவ்வளவுதான்.

டெபாசிட் ஃபங்ஷன் யுஇன்ட்256 தொகையை வாங்கி, அதை யுஇன்ட்64 ஆக மாற்றி, கணக்கில் கூட்டுகிறது. ஒருவர் 20 டோக்கன் போடுகிறார். 20 டோக்கனும் அவர் வாலட்டை விட்டு கான்ட்ராக்டுக்குப் போய்விடுகிறது. கணக்கில் ஏறுவது 1.553255926290448384. மிச்சம் 18.44 டோக்கன் வெட்டுப்பட்டுப் போனது. எந்த எரரும் வரவில்லை. பரிவர்த்தனை பச்சை நிறத்தில் வெற்றி என்றே காட்டும்.

எடுக்கும் பக்கம் இன்னும் மோசம். வித்ட்ரா ஃபங்ஷன், கேட்ட தொகையை யுஇன்ட்64 ஆக்கி இருப்பிலிருந்து கழிக்கிறது. அனுப்பும்போது மட்டும் மாற்றாத முழுத் தொகையை அனுப்புகிறது. கணக்கில் ஒன்றுமே இல்லாத ஒருவர் சரியாக 18.446744073709551616 டோக்கன் கேட்டால் என்ன ஆகும்? அது 2-இன் 64-ஆம் அடுக்கு. யுஇன்ட்64 ஆக மாற்றினால் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்தைக் கழிப்பதில் எந்தப் பிழையும் இல்லை. அடுத்த வரியில் 18.44 டோக்கன் அவருக்குப் போய்ச் சேரும். கான்ட்ராக்ட் காலியாகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யலாம்.

நல்லவேளை, அது மெயின்நெட்டுக்கு (உண்மைப் பணம் ஓடும் செயினுக்கு) போகும் முன்பே பிடிபட்டது. அவர்களிடம் டெஸ்ட் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. 1 டோக்கன், 5 டோக்கன், 10 டோக்கன் என்று போட்டு எடுத்துப் பார்த்திருந்தார்கள். எல்லாம் பாஸ். மனிதர்கள் கையால் எழுதும் டெஸ்டில் இப்படித்தான் எண்கள் வரும், நினைவுக்கு எளிதாக வருகிற சின்ன முழு எண்கள். ஃபவுண்ட்ரி என்ற டெஸ்ட் கருவியில் தொகையை யுஇன்ட்256 என்று விட்டு, தற்செயலான மதிப்புகளைத் தானே போட்டுப் பார்க்கும் ஒரு ஃபஸ் டெஸ்ட் எழுதியிருந்தால் ஓட்டிய உடனேயே உடைந்திருக்கும். அதனால் எங்கே குறுக்கும் மாற்றம் இருந்தாலும் மூன்று மதிப்புகளுக்கு டெஸ்ட் இருக்கிறதா என்று கேட்கிறேன்: அந்த வகையின் உச்ச மதிப்பு, அதற்கு ஒன்று அதிகம், அந்த உச்சத்துக்குப் பல மடங்கு மேலே ஓர் எண்.

"சாலிடிட்டி 0.8-இல் ஓவர்ஃப்ளோ தானாகவே தடுக்கப்படுமே?" என்பதுதான் இதைச் சொன்னதும் வந்த முதல் பதில். அடிக்கடி கேட்கும் பதிலும் இதுதான். 2020 டிசம்பரில் வந்த 0.8.0-க்குப் பிறகு கூட்டல், கழித்தல், பெருக்கலில் எல்லை மீறினால் பேனிக் எரருடன் ரிவர்ட் ஆகும், அதாவது பரிவர்த்தனை முழுவதும் ரத்தாகும் என்பது உண்மை. அதற்கு முன் எல்லோரும் தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்த ஸேஃப்மேத் லைப்ரரி தேவையற்றுப் போனதும் அதனால்தான். ஆனால் அந்தக் காவல் கணக்குச் செயல்களுக்கு மட்டும். யுஇன்ட்256-இல் இருக்கும் 300-ஐ யுஇன்ட்8 ஆக மாற்றச் சொன்னால் 0.8-இலும் 44 தான் வரும். வகை மாற்றத்தை வெளிப்படையாக எழுதுகிறவர் வெட்டுப்படும் என்று தெரிந்தே எழுதுகிறார் என்று மொழி எடுத்துக்கொள்கிறது.

இதே மொழியில் எனம் வகைக்கு (பெயரிட்ட சில நிலைகளை மட்டும் ஏற்கும் வகை) மட்டும் வேறு விதி. மூன்று நிலைகள் கொண்ட எனத்துக்கு 7 என்ற எண்ணை மாற்றிக் கொடுத்தால் இயங்கும்போதே பேனிக் ஆகும். வைப்பர் மொழியில் எண் மாற்றம் எல்லை மீறினால் ரிவர்ட். மூவ் மொழியில் குறியில்லா எண்ணைச் சிறிய வகைக்கு மாற்றும்போது கொள்ளவில்லை என்றால் அபார்ட். ரஸ்ட்டில் சாதாரண மாற்றம் சாலிடிட்டி மாதிரியே மௌனமாக வெட்டும், ஆனால் சோதித்து மாற்றும் வழி மொழியின் நிலையான லைப்ரரியிலேயே இருக்கிறது. சாலிடிட்டியில் அந்த வழிக்கு ஓப்பன்செப்பலினின் ஸேஃப்காஸ்ட் போன்ற வெளி லைப்ரரியைத்தான் நாட வேண்டும். கொள்ளாத மதிப்பு வந்தால் அது ரிவர்ட் செய்துவிடும். மேலே சொன்ன கான்ட்ராக்டில் நான் பரிந்துரைத்தது இரண்டு: இருப்பை யுஇன்ட்128 ஆக்குவது, மாற்றத்தை ஸேஃப்காஸ்ட் வழியாகச் செய்வது. ஒன்று மட்டும் போதாதா என்றால், இன்றைக்குப் போதும். நாளைக்கு இதே கோடை வேறு ஒருவர் வேறு டோக்கனுக்கு எடுத்துப்போவார் இல்லையா, அவருக்காக இரண்டாவது.

சரி, ஏன் சிறிய வகைகளைப் பயன்படுத்த வேண்டும்? ஈவிஎம் (கான்ட்ராக்டுகளை இயக்கும் மெய்நிகர் இயந்திரம்) எல்லாவற்றையும் 32 பைட் சொற்களாகவே கையாள்கிறது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒரு மாறியை யுஇன்ட்8 ஆக்குவதால் கேஸ் (இயக்குவதற்கான கட்டணம்) மிச்சமாவதில்லை. தேவையற்ற பிட்களைத் துடைக்கும் வேலை சேர்ந்து சற்றுக் கூடவே செய்யலாம். லாபம் ஸ்டோரேஜில்தான். பல சிறிய மதிப்புகளை ஒரே ஸ்லாட்டில் (32 பைட் சேமிப்பிடத்தில்) அடுக்கலாம், பூஜ்யமாக இருக்கும் ஒரு ஸ்லாட்டில் முதல்முறை எழுத 20,000 கேஸுக்கு மேல் ஆகும் என்பதால் அது பெரிய மிச்சம். டோக்கன்களை மாற்றித் தரும் யுனிஸ்வாப் வி2 இதற்கு நல்ல உதாரணம். இரண்டு ரிசர்வ்களும் (இரு டோக்கன்களின் கையிருப்பு) தலா யுஇன்ட்112, கடைசி நேர முத்திரை யுஇன்ட்32. 112, 112, 32 கூட்டினால் சரியாக 256, ஒரே ஸ்லாட். ரிசர்வைக் குறுக்கும் முன் இருப்பு யுஇன்ட்112-க்குள் இருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்றால் ரிவர்ட் செய்கிறார்கள். நேரத்தை மட்டும் 2-இன் 32-ஆம் அடுக்கால் வகுத்து மீதியை வைக்கிறார்கள், அங்கே சுற்றிவருவது வேண்டும் என்றே விட்டது. நேர வித்தியாசம் கணக்கிடும் வரியின் பக்கத்திலேயே இங்கே ஓவர்ஃப்ளோ விரும்பியே விடப்பட்டது என்று கமெண்டும் எழுதியிருக்கிறார்கள். வெட்டுப்படுவது நோக்கமா, இல்லையா என்பது படிப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிகிறது. எல்லாக் கோடும் இப்படி இருந்தால் என் வேலை பாதியாகிவிடும்.

அந்தக் கோடு 0.5.16-இல் எழுதப்பட்டது. அதை 0.8-க்கு நகர்த்துகிறவர்கள் அந்த நேர வித்தியாசக் கழித்தலை அன்செக்ட் பிளாக்கில் (எல்லைச் சோதனை இல்லாத பகுதியில்) போட மறந்தால், யுஇன்ட்32 நேரம் சுற்றிவரும் 2106-இல் அந்த வரி ரிவர்ட் ஆகத் தொடங்கும். ரொம்ப தூரம்தான். ஆனால் திருத்தவே முடியாத கான்ட்ராக்ட் என்று எழுதிவைத்துவிட்டு அது தூரம் என்று விடுவது எனக்கு ஒப்பவில்லை.

வெளிப்படையாக எழுதாத மாற்றங்கள் வேறு ரகம். அங்கே தப்பான விடை வருவதைவிடப் பணம் பூட்டிக்கொள்வதுதான் நடக்கும். ஒரு வெகுமதிக் கணக்கில் பார்த்தது: கடந்த வினாடிகள் யுஇன்ட்32, வினாடிக்கான விகிதம் யுஇன்ட்32, இரண்டையும் பெருக்கி யுஇன்ட்256 மாறியில் போடுகிறார்கள். விடை போகும் இடம் பெரியதாக இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். ஆனால் பெருக்கல் நடப்பது யுஇன்ட்32-இல், நடந்த பிறகுதான் விடை பெரிதாக்கப்படுகிறது. விகிதம் 2000 என்று வையுங்கள். யுஇன்ட்32-இன் உச்சம் 4,29,49,67,295. அதை 2000-ஆல் வகுத்தால் 21,47,483 வினாடி, ஏறக்குறைய 24.8 நாள். அதுவரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்கு மேல் காத்திருந்து வெகுமதியைக் கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் பேனிக், ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 11 என்ற குறியீட்டுடன். நாளாக ஆகப் பெருக்குத்தொகை கூடிக்கொண்டேதான் போகும், எனவே அவர் எவ்வளவு முயன்றாலும் எடுக்க முடியாது. பொறுமையாக இருப்பவருக்குத்தான் தண்டனை. பெருக்கலின் முதல் எண்ணையே யுஇன்ட்256 ஆக்கிவிட்டால் முழுக் கணக்கும் பெரிய வகையில் நடக்கும். விடையைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு யுஇன்ட்256 என்று எழுதுவதில் பயனில்லை, அதற்குள் ரிவர்ட் ஆகியிருக்கும்.

குறி மாற்றத்துக்கு வருவோம். இன்ட்256-இல் இருக்கும் மைனஸ் ஒன்றை யுஇன்ட்256 ஆக்கினால் அந்த வகையின் உச்ச மதிப்பு கிடைக்கும். இது பெரும்பாலும் விலைத் தரவில் வருகிறது. செயின்லிங்க் போன்ற விலை ஆரக்கிள்கள் (வெளியுலக விலையைச் செயினுக்குள் தரும் சேவைகள்) விலையை இன்ட்256 ஆகத் தருகின்றன. வாங்கும் கான்ட்ராக்ட் உடனே யுஇன்ட்256 ஆக்கிப் பெருக்கத் தொடங்கும். விலை எங்கே மைனஸுக்குப் போகும் என்று கேட்பவர்கள் 2020 ஏப்ரல் 20-ஐ நினைத்துக்கொள்ளலாம். அன்று அமெரிக்க டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அப்படி ஒரு விலையைச் சோதிக்காமல் மாற்றும் கடன் கான்ட்ராக்டில், மதிப்பே இல்லாத அடமானம் உலகத்திலேயே விலை உயர்ந்த அடமானமாகத் தெரியும். பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று ஒரு வரி சோதனை, அதற்குப் பிறகு மாற்றம். இந்த வரிசையை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

0.8.0 இங்கே ஓர் உதவி செய்தது. ஒரே மாற்றத்தில் குறியையும் அகலத்தையும் சேர்த்து மாற்ற அது விடுவதில்லை. இன்ட்8-ஐ நேராக யுஇன்ட்256 ஆக்க முடியாது, இரண்டு படிகளாகத்தான் எழுத வேண்டும். படிகளின் வரிசை விடையையே மாற்றும். மைனஸ் ஒன்றை முதலில் யுஇன்ட்8 ஆக்கிப் பிறகு அகலப்படுத்தினால் 255. முதலில் இன்ட்256 ஆக்கிப் பிறகு குறியை நீக்கினால் 78 இலக்க எண். கம்பைலர் எரர் தருகிறதே என்று இடையில் ஏதோ ஒரு படியைச் செருகி எரரைப் போக்கிவிட்டு நகர்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த எரர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது, பதிலை யோசித்து எழுதுங்கள்.

இனி பைட்ஸ். இதில் ஒரு விதி மட்டும் மனத்தில் நின்றால் போதும்: எண்கள் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், பைட்ஸ் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். ஹெக்ஸில் 12345678 என்ற யுஇன்ட்32-ஐ யுஇன்ட்16 ஆக்கினால் மிஞ்சுவது 5678. அதே மதிப்பு பைட்ஸ்4-ஆக இருந்து பைட்ஸ்2 ஆக்கினால் மிஞ்சுவது 1234. நீட்டும்போதும் அப்படியே, எண்ணுக்கு இடப்பக்கம் பூஜ்யம் சேரும், பைட்ஸுக்கு வலப்பக்கம் சேரும்.

அட்ரஸ், அதாவது வாலட்டையோ கான்ட்ராக்டையோ குறிக்கும் முகவரி, என்பது 20 பைட். ஒரு செயினிலிருந்து இன்னொரு செயினுக்குச் செய்தி அனுப்பும் பிரிட்ஜ்களில் பெறுபவரின் அட்ரஸைப் பெரும்பாலும் பைட்ஸ்32-இல் வைத்து அனுப்புவார்கள், முன்னால் 12 பூஜ்ய பைட், பின்னால் 20 பைட் அட்ரஸ். ஈவென்ட் லாகில் (கான்ட்ராக்ட் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) இண்டெக்ஸ் செய்யப்பட்ட அட்ரஸும் இப்படித்தான் இருக்கும். இதை மறுபடி அட்ரஸாக்க யுஇன்ட்256, யுஇன்ட்160, அட்ரஸ் என்ற வழியில் போனால் வலப்பக்கத்து 20 பைட் கிடைக்கும். பைட்ஸ்20 வழியாகப் போனாலும் கோடு கம்பைல் ஆகும், அட்ரஸ் ஒன்றும் கிடைக்கும். ஆனால் அது 12 பூஜ்ய பைட்களும் உண்மையான அட்ரஸின் முதல் 8 பைட்களும் சேர்ந்த ஒன்று. அதற்குச் சாவி யாரிடமும் இல்லை. அங்கே அனுப்பிய டோக்கன் அனுப்பியதுதான். இந்த மாற்றத்துக்கு டெஸ்ட் எழுதும்போது 1, 2 என்று சின்ன எண்களிலிருந்து செய்த அட்ரஸ்களைப் பயன்படுத்த வேண்டாம். 20 பைட்டும் வேறுவேறாக இருக்கும் அட்ரஸ் ஒன்றைப் போட்டு, வெளியே வருவதை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

எண்ணை எழுத்தாக்குவதில் ஒரு விநோதம் உண்டு. என்எஃப்டி கான்ட்ராக்டில் அடிப்படை முகவரியோடு டோக்கன் எண்ணைச் சேர்த்து மெட்டாடேட்டா முகவரி (டோக்கனின் விவரம் இருக்கும் இணைய முகவரி) தர வேண்டும். எண்ணை அப்படியே ஏபிஐ என்கோட்பேக்ட் (மதிப்புகளின் பைட்களை ஒட்டித் தரும் ஃபங்ஷன்) வழியாகப் போட்டு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆக்கியிருந்த ஒரு கோடு வந்தது. அது எண்ணின் இலக்கங்களைத் தராது, அந்த எண்ணின் 32 பைட்களையே எழுத்துகளாகக் கருதும். பெரும்பாலான டோக்கன்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத குப்பை வரும். ஆனால் 49-ஆம் டோக்கனுக்கு, திரையில் பார்த்தால், முகவரியின் முடிவில் 1 என்று அழகாகத் தெரியும். ஆஸ்கியில் 1 என்ற எழுத்தின் குறியீடு 49. முன்னால் இருக்கும் 31 பூஜ்ய பைட்களைப் பல திரைகள் காட்டுவதே இல்லை. "சில டோக்கனுக்கு மட்டும் எண் மாறி வருகிறது" என்றுதான் அவர்கள் புகார் சொன்னார்கள். 48 முதல் 57 வரை என்று எழுதிப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. ஓப்பன்செப்பலினின் ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியில் எண்ணை இலக்கங்களாக மாற்றும் ஃபங்ஷன் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாம்.

எதிர்த் திசையில், ஸ்ட்ரிங்கை எண்ணாக்க மொழியில் வழி கிடையாது. ஒவ்வொரு பைட்டும் 48-க்கும் 57-க்கும் இடையில் இருக்கிறதா என்று சோதித்து, 48-ஐக் கழித்து, பத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முடிந்தால் அந்த வேலையைச் செயினுக்கு வெளியே முடித்துவிட்டு எண்ணையே அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துகளைச் செயினில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அம்மா என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள், மொத்தம் 15 பைட். பைட்ஸ்32-இல் அதிகபட்சம் 10 குறிகள்தான் அடங்கும். 32 பைட்டோடு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் பதினோராவது குறி நடுவில் அறுபட்டு, படிக்கவே முடியாத ஒன்றாக நிற்கும். பெயர் நீளத்துக்கு வரம்பு வைக்கும்போது சாலிடிட்டி எண்ணுவது பைட்களைத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டுக்கு வெளியே, பயனர் பார்க்கும் இணையப் பக்கத்திலும் இதே பிரச்சினை தொடர்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் வகை 9007199254740991 வரைதான் முழு எண்களைத் துல்லியமாகத் தாங்கும். 18 தசமத்தில் அது 0.009 டோக்கன்! 1234567890123456789 என்ற இருப்பை நம்பர் ஆக்கி, பிறகு பிக்இன்ட் (பெரிய முழு எண்களுக்கான வகை) ஆக்கினால் 1234567890123456768 வரும். 21 குறைகிறது. எல்லாவற்றையும் எடு என்ற பட்டனை அழுத்தினால் கணக்கில் துளி மிஞ்சும். வேறு சில மதிப்புகளில் மேல்நோக்கி முழுமையாகும், அப்போது இருப்பைவிட அதிகம் கேட்டதாக ரிவர்ட் ஆகும். சரியாக 1000 டோக்கனைத் தொட்டதும் நம்பரின் எழுத்து வடிவம் அடுக்குக் குறியீட்டுக்கு மாறிவிடும், பிக்இன்ட் அதை வாங்க மறுக்கும். பயனர் தட்டச்சு செய்த எழுத்தை ஈதர்ஸ் லைப்ரரியின் பார்ஸ்யூனிட்ஸ் வழியாக நேராக பிக்இன்ட் ஆக்குங்கள். நடுவில் நம்பர் எட்டிப் பார்க்கவே கூடாது.

கடைசியாக, வகை ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருக்கும் மதிப்புகள். டோக்கன்களில் யுஎஸ்டிசி 6 தசமம், டபிள்யூபிடிசி 8, டாய் 18. மூன்றும் கோடில் யுஇன்ட்256 தான், கூட்டினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. 18-இலிருந்து 6-க்கு இறக்க 10-இன் 12-ஆம் அடுக்கால் வகுக்கும்போது மீதி காணாமல் போகும், அதைவிடச் சிறிய தொகை பூஜ்யமாகவே ஆகிவிடும். அதனால் பெருக்கலை முதலிலும் வகுத்தலைக் கடைசியிலும் வைக்கிறோம், மீதி யார் பக்கம் போகும் என்பதையும் முடிவு செய்கிறோம். டோக்கனை வாங்கிவைத்துப் பங்குகள் தரும் வால்ட்களுக்கான இஆர்சி-4626 தரநிலை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது: டெபாசிட்டில் பங்குகள் கீழ்நோக்கி முழுமையாக்கப்படும், எடுக்கும்போது எரிக்கும் பங்குகள் மேல்நோக்கி, இரண்டிலும் வால்ட்டுக்கே சாதகம்.

இந்தக் கலப்பைத் தடுக்க 0.8.8-இல் வந்த பயனர் வரையறுக்கும் மதிப்பு வகைகள் நல்ல கருவி. அடியில் யுஇன்ட்256 ஆகவே இருக்கும், ஆனால் ஆறு தசமத் தொகைக்கு ஒரு பெயரும் பதினெட்டு தசமத் தொகைக்கு ஒரு பெயரும் கொடுத்துவிட்டால் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்கக் கம்பைலர் விடாது. கூடுதல் கேஸும் கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் ராப் (wrap), அன்ராப் (unwrap) என்று எழுதியே ஆக வேண்டும். ஒரு குழுவிடம் இதைச் சொன்னபோது எழுத்து வேலை கூடும் என்று முதலில் தயங்கினார்கள், பிறகு பணம் கையாளும் ஒரு ஃபைலில் மட்டும் செய்து பார்த்தார்கள். கம்பைல் செய்ததும் வரிசையாக எரர்கள் வந்தன. பெரும்பாலானவை பெயர் மாற்றினால் சரியாகிற சாதாரண எரர்கள். கட்டணம் வசூலிக்கும் ஃபங்ஷனில் வந்தது மட்டும் வேறு. அங்கே ஆறு தசமக் கட்டணத்தைப் பதினெட்டு தசம இருப்பிலிருந்து நேராகக் கழித்துக்கொண்டிருந்தது கோடு.